நாற்காலியும் பனிமூட்டமும்

ஒலி-ஒளிக் காட்சின்னா ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்கு மதுரை திருமலை நாயக்கர் மகால்தான். நாற்காலியில் உட்காருவோம், தூண்கள் மேல் நிறம் மாறும், பதிவு செய்த குரல் சிலப்பதிகாரமும் நாயக்கர் கதையும் சொல்லும். 1952-ல் பிரான்சின் ஷம்போர் கோட்டையில் ஆரம்பித்த வடிவம் இது. குரலிலோ விளக்கிலோ எனக்குக் குறை இல்லை. பார்க்கிறவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அதுதான் குறை. கண்ணை மூடிக்கிட்டா வானொலி நாடகம்.

இதற்கு நேர் எதிரானது 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சியில் இருந்த பெப்சி அரங்கம். பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவர், ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் முதலானோர் தொடங்கிய ஈ.ஏ.டி. அமைப்பின் வேலை. உள்ளே 90 அடி விட்டத்தில் அரைக்கோளத்தையும் தாண்டி வளைந்த கண்ணாடி. நாம் நடந்தால் நம் உருவம் தலைகீழாக அந்தரத்தில் தொங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இது புரியும். ஆண்டாள் மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு கோயிலிலேயே இருக்கு. எட்டிப் பார்த்தால்தான் காட்சி.

ஒலியமைப்பு டேவிட் டியூடர். 1969-ல் அகமதாபாத் என்.ஐ.டி.யில் மூக் சிந்தசைசர் நிறுவிக் கொடுத்த அதே ஆள்.

என்னை அதிகம் இழுத்தது வெளியே இருந்த பனிமூட்டம். அரங்கத்தையே பனியால் மூடணும்னு ஃபுஜிகோ நகாயாவுக்கு ஆசை. தாமஸ் மீ என்ற இயற்பியலாளருக்கு ரசாயனப் பனி செய்யத் தெரியும். நகாயா ஒப்புக்கொள்ளவில்லை: மக்கள் உள்ளே நடந்து மூச்சு விடணும், வெறும் தண்ணீர்தான் வேணும். அதற்காக மீ உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் நுண்துளை நாஸில்களை உருவாக்கினார். கலைஞரின் பிடிவாதம் பொறியாளரை ஒரு புதிய பொருளுக்குத் தள்ளியது. கூட்டு வேலைன்னு நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். எல்லாம் முடிவானபிறகு ஒயரிங்குக்கு ஆள் கூப்பிடுவது வேறு.

புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. செலவு எகிறியது, திறந்த சில வாரங்களிலேயே பெப்சி கம்பெனி பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு கலைஞர்களை அனுப்பிவிட்டது. கண்ணாடி இருந்தது, அதற்காக யோசித்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நடக்கவில்லை.

நாளைக்கே திருமுக்குளத்தில் லேசர் ஷோ வைக்கணும்னு யாராவது கிளம்பினால், முதல் கூட்டத்திலேயே ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லிலிருந்து ஒரு ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஃபிட்டரைக் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்வேன். நூல் அறாமல் இருக்கக் காற்றில் எவ்வளவு ஈரம் வேணும்னு தினமும் பார்க்கிறவர் அவர்.