யோகத்தின் முதற்படி: பதஞ்சலியாரும் திருமூலரும்

யோகம் என்னும் சொல் இன்று பலர் செவியில் ஆசனம் என்றே ஒலிக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் ஜூன் 21-ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்த பின்னர் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. தமிழில் வெளிவரும் யோக அறிமுக நூல்கள் பலவும் இதற்கு விலக்கல்ல. தொடக்கத்தில் பதஞ்சலியார் பெயரும் திருமூலர் பெயரும் வணக்கத்துடன் கூறப்படும். அடுத்த பக்கம் முதல் ஆசனப் படங்கள் வந்துவிடும். இருவரும் உண்மையில் கூறியது யாது, அவர்கள் ஒன்றுபடுவது எங்கே, வேறுபடுவது எங்கே என்னும் வினாக்கள் விடையின்றியே நின்றுவிடுகின்றன.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தை அடுத்துள்ள மாக் மண்டின் ஒரு தொழிற்பேட்டைப் பகுதி; தமிழ்ப்பள்ளியும் உடையது. அத்தகைய ஊரில் பணிபுரியும் தமிழாசிரியரிடம் ஒரு மாணவன் யோகம் என்றால் என்னவென்று கேட்பானாயின், அவர் எதனை முதலிற் கூறுவது? முதுகை வளைக்கும் முறையையா, மூச்சை அடக்கும் கணக்கையா, வேறொன்றையா? திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை ஊன்றிப் பயில்வார்க்கு விடை தெளிவாகவே கிடைக்கும்.

சொல்லும் பொருளும்

யோகம் என்பதற்கு இணைதல் எனப் பொருள் கூறி, அதனைப் பதஞ்சலியார் கருத்தாகக் காட்டுவது அறிமுக நூல்களின் வழக்கம். இது பொருந்துமாறில்லை. பதஞ்சலியார் யோகத்தை மனத்தின் அலைவுகள் அடங்கிய நிலை என்றே வரையறுத்தார். அவர் நூலுக்கு விரிவுரை கண்ட வியாசரும் யோகம் என்பது சமாதியே என்று பொருள் உரைத்தார். அந்நூலுக்கு அடிப்படையாயமைந்தது சாங்கிய தத்துவம். அதன்படி புருடன் எனும் அறிவுப்பொருள், பிரகிருதி எனும் மூலப்பொருளினின்று தான் வேறு என உணர்ந்து தனித்து நிற்றலே முடிந்த பயன். அதற்குக் கைவல்லியம் என்று பெயர். தனிமை என்பதே அதன் பொருள். ஆகவே பதஞ்சலியார் காட்டும் முடிவு இணைதலன்று, பிரிந்து நிற்றலே. ஈசுவரன் என்னும் தனிப்புருடனையும் அவர் ஏற்றார் எனினும், உயிர் அவனோடு ஒன்றுதலை முடிவாக வைத்தாரல்லர்.

திருமூலர் நெறி வேறு. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளைக் கொண்ட சைவத்தில் உயிர் பாசத்தினின்று நீங்கிப் பதியோடு கூடுதலே பயன். அக்கூட்டம் உயிரின் முயற்சியால் மட்டும் கைகூடாது, அருளால் ஆவது. இணைதல் என்ற பொருள் திருமூலருக்கே முற்றும் ஏற்கும். இருவரும் எட்டு உறுப்புகளைக் கூறினர் என்பதைக் கொண்டு இருவர் நூலும் ஒன்றே எனக் கருதுதல், ஒரே படிக்கட்டு இரு வேறு கோயில்களில் இருப்பது கண்டு கருவறையும் ஒன்றே என முடிவு செய்வது போலாம்.

இயமம் என்னும் அடிப்படை

இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன எட்டு உறுப்புகள். முதலிரண்டும் ஒழுக்கம் பற்றியவை. அடுத்த மூன்றும் உடலையும் மூச்சையும் புலன்களையும் நெறிப்படுத்துவன. இறுதி மூன்றும் மனத்தை ஒருமைப்படுத்துவன. இவ்வைப்புமுறை இருவர்க்கும் பொது. உள்ளடக்கத்திலோ கூர்ந்து நோக்கத்தக்க வேறுபாடு உண்டு.

பதஞ்சலியார் கூறும் இயமங்கள் ஐந்து: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர்பொருள் ஏலாமை. குலம், இடம், காலம், சூழ்நிலை என்னும் எவ்வகை விலக்குமின்றிக் காக்கப்படும்போது இவை பெருவிரதம் ஆகும் என்றும் அவர் கூறுவார். இப்பொதுமை போற்றற்குரியது.

திருமூலர் பட்டியலோ இதனினும் விரிந்தது. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்பவற்றோடு அடக்கம், நடுவுநிலை, குற்றமின்மை, காமம் நீக்கல் ஆகியவற்றையும் அவர் கூட்டுகிறார். அவற்றிடையே இரண்டு பண்புகள் தனித்து ஒளிர்கின்றன. ஒன்று பகுத்துண்ணல், மற்றொன்று கள்ளுண்ணாமை. இவ்விரண்டும் பதஞ்சலியாரின் ஐந்தில் பெயர் பெற்று நிற்பன அல்ல. இவை திருக்குறள் வழி வந்த தமிழ் அறங்கள். பகுத்துண்டு பல்லுயிர் காத்தலை நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயதாக வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் வைத்தார். கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரமே வகுத்தார். திருமூலரும் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமையைத் தனித்தலைப்பாகப் பாடினார். உண்ணுங்கால் பிறர்க்கு ஒரு பிடி கொடுத்தல் எவர்க்கும் இயலும் அறம் என்றும் காட்டினார். அதே அறங்கள் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் வாயிலாக மீண்டும் வருகின்றன.

நியமத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. தூய்மை, மனநிறைவு, தவம், ஓதுதல், ஈசுவரனிடம் ஒப்படைத்தல் என ஐந்து கூறுவார் பதஞ்சலியார். திருமூலர் கூறும் பத்தில் தவமும் மனநிறைவும் உள. அவற்றோடு தானம், சித்தாந்தக் கேள்வி, சிவபூசை ஆகியனவும் இடம்பெறுகின்றன. தானத்திற்குப் பெறுவோன் ஒருவன் வேண்டும். கேள்விக்குச் சொல்வோன் ஒருவன் வேண்டும். எனவே திருமூலர் காட்டும் யோகி ஊரைவிட்டு ஒதுங்கியவனாகத் தொடங்க முடியாது.

பதஞ்சலியார் பிறரை அறவே மறந்தார் என்று கூறுதல் நடுநிலை ஆகாது. நட்பு, கருணை முதலிய பண்புகளைப் பயில்க என அவரும் முதற்பாதத்தில் விதித்தார். ஆயின் அங்கே அவை மனத்தெளிவுக்குரிய கருவிகள். திருமூலரிடத்தில் பகுத்துண்பவன் என்பது அவ்வாளுக்குரிய இலக்கணம். இந்நுண்ணிய வேறுபாட்டைச் சுட்டாத எந்த ஒப்பீடும் நிறைவுடையதாகாது.

ஆசனமும் மூச்சும்

பதஞ்சலி சூத்திரங்கள் ஏறத்தாழ 195. அவற்றுள் ஆசனம் பற்றியன மூன்றே. நிலையாகவும் இன்பமாகவும் இருப்பதே ஆசனம் என்பது அவற்றின் சாரம். எந்த ஆசனத்தின் பெயரும் சூத்திரத்தில் இல்லை. திருமூலர் பத்திரம், கோமுகம், பங்கயம் முதலிய ஏழினைச் சிறந்தனவாகக் கூறி, வேறு பலவும் உள என்று சொல்லி மேற்செல்கிறார். 15-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அடயோகப் பிரதீபிகையும் 15 ஆசனங்களையே விளக்குகிறது. இன்று உலகெங்கும் பயிலப்படும் தொடர் ஆசனப் பயிற்சி இக்காலத்தில் உருப்பெற்றது. 1930-களில் மைசூர் அரண்மனையில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும், 1966-இல் வெளிவந்த நூலால் உலகப்புகழ் எய்திய அவர் மாணவர் பி. கே. எஸ். அய்யங்காரும் அதனை வளர்த்தவருள் தலையாயவர். அப்பயிற்சியால் உடல் நலம் பெறுவதை மறுப்பாரில்லை. அதனை அப்படியே திருமூலர் காலத்துக்குரியதாகக் காட்டுவதே தவறு.

மூச்சுப்பயிற்சியில் திருமூலர் கணக்குடையவர். உள்ளிழுத்தல் 16 மாத்திரை, நிறுத்தல் 64, வெளிவிடுதல் 32 என அவர் அளவு வகுக்கிறார். 64 மாத்திரை மூச்சை நிறுத்துதல் புதிதாகப் பயில்வார்க்குத் தீங்கு விளைக்கக்கூடும். தக்க ஆசான் இன்றி வகுப்பறையில் அதனைச் செய்துகாட்டல் ஆகாது. ஆனால் அப்பகுதியிலுள்ள உருவகம் ஒன்றை ஆசிரியர் விடுதல் கூடாது. மூச்சைப் பறவையினும் விரைந்த குதிரையாக்கி, அதன்மேல் ஏறியவனுக்குக் கள் வேண்டா, அதுவே களிப்பளிக்கும் என்கிறார் புலவர். இயமத்தில் விலக்கிய கள்ளுக்கு மாற்றாக இங்கே ஓர் இன்பம் தரப்படுகிறது. தடுத்ததோடு நில்லாமல் ஈடும் காட்டும் இவ்வமைப்பு, அறநூலாசிரியரும் யோகியும் ஒருவரிடத்தே கூடியதன் பயனாகும்.

இருவகை நான்கு

யோகத்தின் பிரிவுகளைக் கூறுமிடத்தும் ஒரு மயக்கம் நிகழ்கிறது. கருமம், பத்தி, ஞானம், இராசயோகம் என நான்காகப் பகுத்துரைத்துப் பரப்பியவர் விவேகானந்தர். அவருடைய இராசயோக நூல் 1896-இல் வெளிவந்தது. அவை அவரவர் இயல்புக்கேற்பத் தேர்ந்து கொள்ளத்தக்க வழிகள். சைவம் கூறும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கோ ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படிகள். இரண்டையும் ஒரே அட்டவணையில் நிறுத்திச் சரியையே கருமயோகம், கிரியையே பத்தியோகம் என்று சமன் செய்வது பொருந்தாது.

சைவ மரபு இந்நான்குக்கும் முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரை எடுத்துக்காட்டாக வைத்தது. யோக நெறிக்குச் சான்று சுந்தரர் என்பது சிந்திக்கத்தக்கது. அவர் இல்லறத்தில் வாழ்ந்தவர். இறைவனிடம் பொன்னும் நெல்லும் உரிமையோடு கேட்டவர். அவனைத் தூது அனுப்பியவர். இறைவனோடு தோழமை கொண்டு வாழ்ந்த அவ்வாழ்வையே மரபு யோகம் எனக் கண்டது.

திருமூலர் வரலாறாகச் சேக்கிழார் கூறுவதும் இங்கே நினைக்கத்தக்கது. கயிலையினின்று வந்த யோகியார் சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்துகிடக்க, ஆநிரைகள் சுற்றிநின்று வருந்துதல் கண்டு, அவற்றின் துயர் தீர அவனுடலிற் புகுந்தார் என்பது அக்கதை. பிறிதோர் உடலிற் புகும் ஆற்றலைப் பதஞ்சலியாரும் மூன்றாம் பாதத்தில் சித்திகளுள் ஒன்றாகக் கூறினார். சில சித்திகள் சமாதிக்கு இடையூறு என அப்பாதத்திலேயே எச்சரித்தார். சேக்கிழாரோ அச்சித்தியைக் கண்ணீர் துடைக்கும் கருவியாக்கினார். நிகழ்ச்சி வரலாறா புனைவா என்பது வேறு வினா. தமிழர் ஒரு யோகியை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கு அது தக்க சான்று.

மலாயா மண்ணில்

இவ்வாய்வு மலாயாத் தமிழர்க்கு அயலானதன்று. பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்னும் இளைஞர் 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பகுதித் தோட்ட மருத்துவமனையில் பணியேற்றார். பின்னர் ஜொகூர் பாருவிலும் பணிபுரிந்து, 1923-இல் தாயகம் திரும்பி, 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரே 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர். யோகத்தைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய அவர் தொண்டினையே முதலில் வைத்தார். தோட்டத் தொழிலாளரின் நோய்ப்படுக்கையருகே கழிந்த பத்தாண்டுகளை அக்கொள்கையோடு பொருத்திக் காணுதல் தகும்.

கள்ளுண்ணாமையும் இம்மண்ணில் வெறும் ஏட்டறமாக இருந்ததில்லை. காலனி ஆட்சிக் காலத்தில் தோட்டப்புறக் கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியை விழுங்கியது. பினாங்குக்கு அண்டையிலுள்ள கெடா மாநிலத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்தியதும், 1947-இல் காவல்துறையோடு மோத நேர்ந்ததும் வரலாறு. அத்தொழிலாளர் மூன்றாம் தந்திரத்தைப் படித்தவர்கள் என்று கூற இடமில்லை. எனினும் திருமூலர் எட்டில் முதலாவதாக வைத்த உறுப்பைச் சார்ந்த ஓர் ஒழுக்கத்துக்காக அவர்கள் துன்புற்றனர் என்று கூறலாம்.

கொள்வனவும் தள்ளுவனவும்

மூன்றாம் தந்திரம் முழுவதையும் அப்படியே பாடமாக்குக என்பது இதன் கருத்தன்று. மூச்சின் ஓட்டம் கொண்டு ஆயுளைக் கணிக்கும் ஆயுள் பரீட்சை, உடல் நெடுநாள் நிலைக்கும் என்னும் சரீரசித்தி உபாயம், அமுரி தாரணை, பரியங்க யோகம் முதலியன பண்டைக் கொள்கைகளாக ஆராயத்தக்கன; மருத்துவ அறிவுரையாகக் கொள்ளத்தக்கன அல்ல. அவற்றை மறைப்பதும் பிழை. அறிவியல் முடிவெனப் பரப்புவது அதனினும் பெரும் பிழை.

2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் உடலசைவும் மந்திரமும் வழிபாடும் கலந்த யோகப் பயிற்சி முஸ்லிம்களுக்கு விலக்கு என அறிவித்தது. மந்திரமின்றி உடற்பயிற்சி அளவில் செய்வதற்குத் தடையில்லை என அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி விளக்கினார். அம்முடிவு அச்சமயத்தாருக்கு உரியது. அதன் தகுதி இங்கே ஆய்வுப் பொருளன்று. ஆனால் அதனைத் தொடர்ந்து யோகம் உடற்பயிற்சியா, மந்திர வழிபாடா என்னும் இரண்டிடையே தமிழர் பலரும் சிக்கிக்கொண்டனர். அவ்விரண்டுக்கும் முன்னதாக இயமம் என ஒன்று உண்டு என்பதை எடுத்துரைப்பார் அருகினர்.

அதனை எடுத்துரைக்கும் பொறுப்பு தமிழாசிரியரைச் சார்ந்தது. பாய் விரிக்கவும் மூச்சை எண்ணவும் கற்பிக்கப் பிற ஆசான்கள் உளர். எட்டுறுப்பில் முதலாவது உறுப்பு பொய் சொல்லாமை, களவு செய்யாமை, பகுத்துண்ணல், கள்ளை விலக்கல் என்பதனைத் திருமந்திரச் செய்யுளைக் கையில் வைத்து விளக்கத் தமிழறிந்தவரே வேண்டும். மாக் மண்டின் மாணவன் தன் உணவுப் பொட்டலத்தைப் பிரித்து அருகிருப்பவனுக்கு ஒரு பங்கு கொடுப்பானாயின், அவன் திருமூலரின் முதற்படியில் கால் வைத்தவனே. எஞ்சிய ஏழு படிகளையும் அவன் அதன் பின்னர் ஏறலாம்.