கல்யாண வீட்டுக் கிடுகுப் பந்தல்

கிழக்கிலங்கையில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் இப்போது கல்யாண மண்டபங்கள் பெருகிவிட்டன. ஏசி ஓடும், நாற்காலிகளும் துணி உடுத்தியிருக்கும். எனக்கென்னவோ பெண் வீட்டு வளவில் போட்ட கிடுகுப் பந்தலில்தான் கல்யாணம் கல்யாணமாகத் தெரிகிறது.

தென்னோலையை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறாத ஓலை பின்னும்போது கிழியும். மட்டையை நெடுக்காகப் பிளந்தால் ஒன்றுக்கு இரண்டு கிடுகு. பின்னுகிற பெண்களின் கை ஓலைகளை ஒன்றுவிட்டு ஒன்று கோத்துக்கொண்டே போகும்; காது ஊர்க்கதையில் இருக்கும். வேயும்போது கீழ் வரியில் தொடங்கி, மேல் வரி அதை மூடும்படி ஏற வேண்டும். மாற்றிக் கட்டினால் மழைத்தண்ணீர் நேரே மாப்பிள்ளையின் தலையில்.

நாள் குறிப்பதில் வயலுக்கும் பங்குண்டு. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடிந்தால் கையில் காசு, வீட்டில் புது நெல், வானமும் வெளுத்திருக்கும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் கிடுகை நம்புகிறவர் துணிச்சல்காரர்தான்.

பந்தலுக்குள் பன்பாய் விரித்து, சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். சோறு, இறைச்சி, கடைசியில் வட்டிலப்பம். எதிரே இருக்கும் முன்பின் தெரியாதவர் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து நம் பக்கம் தள்ளிவிடுவார். மாப்பிள்ளை வந்திறங்கும்போது பெண்கள் போடும் குரவையும் ஓலைக்கூரைக்கு அடியில் இதமாகத்தான் கேட்கிறது. தகரத்தின் கீழ் காதைக் குடையும்.

மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே குடியேறுவது இங்குள்ள வழக்கம். கல்யாணம் முடிந்து பிரித்த கிடுகில் நல்லது வேலிக்குப் போகும், மிச்சம் அடுப்புக்கு. அந்த வேலியைக் கட்டுவதே புது மருமகனின் முதல் வேலையாகவும் அமைந்துவிடலாம்.