நெற்றித் திருநீறு

புற்றுநோயாளியின் வேதனை உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கிலும் பின்னிக் கிடப்பதை 'முழுவலி' என வகுத்தவர், செவிலியாகப் பணி தொடங்கிப் பின்னர் மருத்துவராகி, 1967இல் லண்டனில் இறுதிநிலை நோயாளிகளைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ். இந்தியாவில் அவ்வகை முதல் இல்லமான சாந்தி அவேத்னா சதன் 1986இல் மும்பை பாந்திராவில் தோன்றியது. நவி மும்பையின் சான்பாடாவிலிருந்து ஹார்பர் ரயிலில் கார்கருக்குச் சென்று, டாட்டா நினைவு மையத்தின் வளாகத்தில் சிகிச்சை பெறும் தமிழ் நோயாளிக்கும் ஆன்மாவின் அந்த நான்காம் வலி உண்டு. ஆன்மிகப் பராமரிப்பு என்பது நோயாளி எதைப் பற்றி நிற்கிறாரோ அதைக் காத்துத் தருவது. உபதேசம் அதில் சேராது, சேர்ந்தால் கெடுதலே. முகம் துடைக்கும் செவிலி நெற்றித் திருநீற்றை அழிக்கலாமா எனக் கேட்டு, துடைத்தபின் தலையணையடியில் உள்ள பொட்டலத்தை எடுத்து நீட்டி, நடுங்கும் விரல் தானே பூசி முடிக்கும்வரை ஈரத்துணியுடன் காத்திருப்பதில்தான் அப்பராமரிப்பின் நேர்த்தி தெரிகிறது.