ஒட்டுத் தெரியாத சரீரங்கள்

மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934-இல் பாரிஸில் ஐந்து சிறு புத்தகங்களாக வெளியிட்ட 'நற்குணத்தின் ஒரு வாரம்' 182 படங்களைக் கொண்டது. ஞாயிற்றுக்குச் சேறு, திங்களுக்கு நீர், செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு இரத்தம் என நாட்கள் செல்லுகின்றன. ஆதியாகமத்தின் ஏழு நாட்களை அறிந்தவர் சிருஷ்டி இங்கே குலைவதை உடனே உணருவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவு நாவல்களிலிருந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டியே எர்ன்ஸ்ட் இவற்றை ஆக்கினார். கனவானின் தோள்மீது சிங்கத்தலை, வேறொருவனுக்குப் பறவைத்தலை. ஹன்னா ஹோக்கின் 1919-ஆம் ஆண்டுப் படத்தில் கத்தரியின் தடம் வெளிப்படையாகத் தெரியும். எர்ன்ஸ்டோ கோட்டோடு கோடு பொருந்த ஒட்டினார்; அச்சேறியபோது காகித விளிம்பும் மறைந்தது. ஆகையால் சிங்கத்தலையனை நாம் சிதைந்தவனாக அல்ல, முழுமையானவனாகவே காண்கிறோம். பதக்கங்களும் அவனுக்கு உண்டு! நம்மை அச்சுறுத்துவது வெட்டு அன்று, வெட்டு மறைந்துபோனதே.

தேவசாயலை இகழும் வேலை என்று இதைத் தள்ளுவோர் நம்மிடையே உண்டு. நாம் அதற்கு இசையோம். முதல் உலகப்போரில் பீரங்கிப்படையில் பணியாற்றிய இவர், தம் தாய்நாட்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் இப்படங்களைச் செய்தார். சாயலை இகழ்ந்தவர் பதக்கம் அணிந்தோரே என்பது நம் எண்ணம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலாது. பக்கத்துக்குப் பக்கம் கட்டுண்டும் வீழ்ந்தும் கிடப்பவர் பெண்களே. ஆணுக்கு மிருகத்தலை சூட்டி அவன் கொடுமையைக் காட்டிய எர்ன்ஸ்ட், மலிவு நாவல்கள் பெண்ணுக்கு இழைத்ததைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். அவருடைய கத்தரி அங்கே தயங்கிவிட்டது.