வரைபடத்தில் சரியாகத்தான் போட்டிருக்கிறது

எங்கள் திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. கிரிவலம் போகும்போது தலைக்கு மேலே சிமிட்டிக்கொண்டு போகிற விளக்கைப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் விமான விபத்து அறிக்கைகள் படிப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். இப்போது புறப்பாட்டு வரைபடங்களில் வந்து நிற்கிறேன். ஓடுபாதையை விட்டுக் கிளம்பியதும் எங்கே திரும்பணும், எங்கே எந்த உயரத்தில் இருக்கணும் என்று அச்சிட்டிருக்கும் பக்கங்கள் அவை. அனுபவமுள்ள விமானிகளே அதைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

பேர்போன உதாரணம், நியூயார்க் பக்கத்திலிருக்கும் டெட்டர்பரோ நிலையத்தின் 'ரூடி' புறப்பாடு. முதலில் 1,500 அடி. வென்ட்ஸ் என்ற புள்ளியை அதே உயரத்தில் தாண்டிய பிறகுதான் 2,000 அடி. ஆனால் பலர் நேராக 2,000-க்கு ஏறிவிட்டார்கள். அங்கே மேலே, நெவார்க்கில் இறங்க வருகிற பயணிகள் விமானங்கள் போய்க்கொண்டிருக்கும்.

ஏன் இப்படி? காக்பிட்டில் உயரத்தைக் குறிக்கும் குமிழில் ஒரு நேரத்தில் ஒரு எண்தான் வைக்க முடியும். வரைபடத்திலோ இரண்டு எண்கள். 'கடைசியில் போகவேண்டியது 2,000' என்று மனசில் பதிந்து, அதையே குமிழிலும் வைத்துவிட்டால் கதை முடிந்தது. கிளம்பி ஒரு நிமிஷம் ஆவதற்குள் 1,500 அடி வந்துவிடும். திரும்பவும் பக்கத்தைப் பார்க்க நேரம் ஏது?

இதற்குக் கொடுத்த மருந்துகளில் முக்கியமானது எச்சரிக்கை அறிவிப்பு: கவனமாகப் படியுங்கள். என் விமர்சனமே இங்கேதான். ஒருத்தர் தப்பாகப் படித்தால் கவனக்குறைவு எனலாம். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பலர் அதே இடத்தில் அதே தப்பைச் செய்தால், பிழை பக்கத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கு. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி, எதிரே இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. கஜகஸ்தான் விமானம் 15,000-க்குக் கீழே வந்துவிட்டது. 349 பேரும் இறந்தார்கள். அங்கே தவறியது வரைபடம் இல்லை, வானொலியில் சொன்ன உயரம்தான். தப்பு கஜகஸ்தான் விமானிகள் மேல் என்றுதான் லஹோட்டி கமிஷன் சொன்னது. ஆனால் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி, நடுவில் ஆயிரம் அடி மட்டும் என்ற அமைப்பு அதற்குப் பிறகு அப்படியே விடப்படவில்லை. வழிகளைப் பிரித்தார்கள். உயரத்தைக் காட்டும் ரேடார் வந்தது. மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது.

'படிக்கத்தானே சம்பளம்?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மனுஷன் தப்பாகப் படிக்கவே மாட்டான் என்று நம்பி ஆயிரம் அடி இடைவெளி விடுவது பொறியியல் இல்லை, வேண்டுதல்.

இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. ஒருமுறை நான் எழுதிய நிறுவல் குறிப்பில், மூன்றாவது படியில் தற்காலிக மதிப்பு, ஏழாவதில் இறுதி மதிப்பு. இரவு ஷிஃப்ட் பையன் முதலிலேயே இறுதி மதிப்பைப் போட்டுவிட்டான். "டாக்குமென்ட்ல தெளிவா இருக்கே தம்பி" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அடுத்த மாசம் வேறொருத்தர் அதையே செய்தார். அப்புறம்தான் குறிப்பைத் திருத்தினேன். அந்தப் பையனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.