ஏழு கடல் தாண்டாத சாகசம்

மதுரைப் பிள்ளைகளுக்கு மாயக்கதை புதிதல்ல. யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் சமணர்கள் ஏவிய மாய விலங்குகள், சொக்கநாதரிடம் தோற்று மலையானவை என்பது திருவிளையாடல் வழிவந்த கதை. மேலூர் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் அந்த யானை இன்றும் படுத்துக் கிடக்கிறது. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைப் புது மண்டபத்துப் புத்தகக் கடைகளில் வாங்கிய தலைமுறையும் இங்கே உண்டு. ஆனால் சிறுவர்களுக்கென்றே எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக நீட்டிய மாயச் சாகசத்தைக் கொண்டுவந்து சேர்த்தவை பத்திரிகைகள்தான்.

1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் தொடர்கதைகளில் பலவும் தெலுங்கில் தாசரி சுப்பிரமணியம் எழுதியவை. இதழில் அவர் பெயர் இருக்காது. அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா நேராகத் தமிழிலேயே எழுதினார். ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ இதழ்களை நடத்தியவர், ‘ஓநாய்க்கோட்டை’ போன்ற கதைகளைத் தந்தார். கோடை லீவுக்கு இவை வேறு உருவத்தில் கைக்கு வரும். பெரியவர்கள் பின்னைக் கழற்றித் தொடர்கதைத் தாள்களை மட்டும் பிரித்து, வரிசைப்படுத்தித் தைத்து, காலிக்கோ முதுகு ஒட்டி பைண்டு செய்து வைத்திருப்பார்கள். கடைசித் தாளின் பின்பக்கம் சம்பந்தமே இல்லாத ஒரு துணுக்கோ விளம்பரமோ பாதியில் நிற்கும். மாதக்கணக்கில் காத்திருந்து படிக்க எழுதியதை இரண்டே மத்தியானத்தில் முடித்துவிடலாம். தமிழில் சிறார் நாவல் என்ற ருசி அந்த பைண்டுகளில்தான் உருவானது என்பேன்.

அந்தக் கதைகளின் நிலம் எங்கோ இருந்தது. பெயர் தெரியாத ராஜ்யம், ஏழு கடல், மலையுச்சிக் கோட்டை. பின்னாளில் தினமணியின் ‘சிறுவர்மணி’யில் ஜெயமோகன் எழுதிய ‘பனிமனிதன்’கூட இமயமலைக்குத்தான் போகிறது. பரிணாமத்தையும் பௌத்தத்தையும் சிறுவர்களிடம் கூச்சமில்லாமல் பேசிய நாவல் அது. பத்து வயதுக்கு இது புரியுமா என்று தயங்காததே அதன் பலம்.

சிறார் கதை நம் மண்ணுக்குத் திரும்பியது கீழடியால். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சிலைமானைத் தாண்டியதும் வரும் தென்னந்தோப்புகள். 2014-15இல் மத்திய தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி எழுத்தில் கீறிய பானை ஓடுகளோடு பகடைக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. தெருவில் பாண்டி ஆடுகிற பிள்ளைக்கு அந்தச் சில்லைக் காட்டினால் விளக்கமே தேவையில்லை.

கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் அந்தப் பானை ஓட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். ‘ஆதனின் பொம்மை’யில் லீவுக்குக் கீழடியில் இருக்கும் மாமா வீட்டுக்கு வருகிறான் ஒரு பையன். அவனை ஒரு பொம்மை இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு பின்னே கொண்டுபோகிறது. 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தது. ஜூலையில் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், சிறுவர்களுக்குத் தனிப் பகுதியோடு. காலையில் படித்த கதையின் ஊரைச் சாயங்காலம் நேரில் பார்த்துவிடலாம். தமிழ்ச் சிறார் நாவலுக்கு இப்படி வாய்ப்பது அபூர்வம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கீழடி போன்ற விஷயம் கையில் இருக்கும்போது சொல்லித்தரும் ஆசை எழுத்தாளரை லேசில் விடாது. பையன் கேட்பான், ஆதன் விளக்குவான், நாம் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் போய்விடுவோம். பழைய ‘அம்புலிமாமா’ ராட்சதனுக்கு எதையும் கற்பிக்கும் கவலை இல்லை. அவன் வந்தால் பயமாக இருந்தது, அவ்வளவுதான். லீவில் படிக்கிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது அந்தப் பயம்.

இன்னொன்று, தொடர்ச்சி. சிவகாசியில் 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அதே நாயகன் அடுத்த புத்தகத்திலும் வருவான் என்பதற்காகவே பையன்கள் காசு சேர்த்தார்கள். ஹாரி பாட்டரின் தமிழாக்கத்தைத் தேடுகிற பிள்ளையும் அடுத்த பாகத்தைத்தான் கேட்கிறது. நம் எழுத்தாளர்களோ பெரும்பாலும் ஒரு நாவலோடு அந்தப் பாத்திரத்தை அனுப்பிவைத்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறார்கள். ஆதனுக்குப் போக இன்னும் இடம் இருக்கிறது: மாங்குளத்துச் சமணர் படுகையில் தமிழி எழுத்து இருக்கிறது, பக்கத்திலேயே அழகர்மலை.