நடுகல்லும் தோட்ட மலரும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கோயில் குடமுழுக்கின்போதும் பள்ளி விழாக்களின்போதும் வெளியிடப்பெறும் மலர்களே நம்மவர்க்கு வாய்த்த ஊர் வரலாறுகள் எனலாம். அவற்றின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்குங்கால் ஒரு வினா எழுகின்றது: ஊர் வரலாற்றில் எழுதத்தக்க வாழ்வு யாருடையது?

பல்லவர் காலத்தார்க்கு இதில் ஐயமில்லை. செங்கம் பகுதி நடுகற்கள் ஆநிரை மீட்டு மாண்ட எளிய வீரரின் பெயரையும் செயலையும் அரசனின் ஆட்சியாண்டோடு கூறுகின்றன. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லோ, கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு நில்லாமல், கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சுட்டிப் போற்றுகின்றது! சோழர் காலத்தில் இம்முறை மாறுகின்றது. முதலாம் இராசராசன் (985–1014) காலந்தொட்டு மன்னனின் மெய்க்கீர்த்தி கல்வெட்டின் முகப்பில் நிலைபெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பெயரும், முன்பிருந்த ஊரும், குடியிருந்த மனையும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் உண்டு, வாழ்வு இல்லை. தோட்டத்துச் 'செக்ரோல்' ஏட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

சீனரின் ஊர் வரலாறுகளும் இத்தகைய மாற்றங்களைக் கண்டவையே. 4ஆம் நூற்றாண்டில் சாங் சூ இயற்றிய ஹுவாயாங் நாட்டு வரலாற்றிலேயே அந்நிலத்துச் சான்றோரும் பெண்டிரும் இடம்பெற்றனர். சோங் அரச மரபின் காலமுதல் அதிகாரி, புலவர், நன்மகன் என்ற வகுப்புகள் உறுதிப்பட்டன. மிங், சிங் காலங்களில் மறுமணம் செய்யாக் கைம்பெண்களின் பட்டியல் பெருகிற்று. பெருகப் பெருகக் குறிப்புகள் ஒரே அச்சில் வார்த்தவையாயின. பலர்க்கு ஒரு வரியே மிஞ்சிற்று. இக்குறையை உணர்ந்த சாங் சுவேசெங் (1738–1801), யுங்சிங் வட்ட வரலாற்றை எழுதியபோது அப்பெண்களை நேரில் வரவழைத்து, அவரவர் வாய்மொழியைக் கேட்டு எழுதினார். ஒருவர் துயரம் மற்றொருவர் துயரம் போன்றதன்று என்பதை அவர் ஏடு காட்டிற்று.

நம் மலர்களோ மிங் காலத்து அச்சிலேயே நிற்கின்றன. தலைவர், பொருளாளர், நன்கொடையாளர் எனப் படங்கள் வரிசையாக வரும். எல்லாரும் 'தன்னலமற்ற தொண்டர்.' 1942க்கும் 1945க்கும் இடையில் சயாம் இரயில் பாதைக்குத் தோட்டத்து மக்கள் கொண்டுசெல்லப்பட்ட கொடுமையைக்கூட 'சப்பான்காரன் காலத்தில் பலர் துன்புற்றனர்' என்ற போக்கில் முடித்துவிடுவோர் உளர். சென்றவர் யார், மீண்டவர் யார், மீளாதவரின் மனைவி எந்த லயத்தில் வாழ்ந்தார் என்பனவன்றோ ஊர் வரலாறு?

'பால்வெட்டுத் தொழிலாளிக்கு எழுத என்ன உண்டு?' என்பாரும் உண்டு. கோவிவனுக்கு இருந்தது. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகி, லயத்து மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் சிதறிய இந்நாளில், பெரட்டுக் களத்தில் நின்ற முதியோர் சிலரேனும் நம்மிடை உள்ளனர். எந்தக் கப்பலில் வந்தீர், எந்தக் கங்காணி அழைத்தார், எந்த நிரையில் பால் வெட்டினீர் என அவர்களைக் கேட்க ஒரு தமிழாசிரியர்க்குப் பிற்பகல் ஒன்று போதும்.